இத்தாலிக் கடற்கரை ஆப்பிரிக்காவில் இருக்கிறது, தெரியுமா?

உலகப் படத்தைப் பிரித்துவைத்து இத்தாலியைக் கண்டுபிடியுங்கள். அதன் கால் நுனியில் சிசிலி. அதற்கும் தெற்கே, வெறும் நீலமாகத் தெரியும் இடத்தில் விரலை நகர்த்திக்கொண்டே போனால் ஒரு புள்ளி தட்டுப்படும். அச்சுப் பிழையோ என்று துடைத்துப் பார்க்கத் தோன்றும். துடைத்தாலும் போகாது. அதுதான் லாம்பெதூசா!

சிசிலியிலிருந்து 205 கிலோமீட்டர். துனிசியாவிலிருந்து வெறும் 113 கிலோமீட்டர். துனிஸ், அல்ஜியர்ஸ் இரண்டுமே ஆப்பிரிக்கத் தலைநகரங்கள் அல்லவா? அந்த இரண்டையும்விடத் தெற்கே கிடக்கிறது இந்த ஐரோப்பியத் தீவு. அதோடு விட்டதா? கடலுக்கு அடியில் பார்த்தால் லாம்பெதூசா உட்கார்ந்திருப்பதே ஆப்பிரிக்கக் கண்டத்தின் திட்டில்தான். தீவுக்கும் துனிசியாவுக்கும் நடுவே கடல் ஆழம் குறைவு. சிசிலிப் பக்கம் போனாலோ பெரும் பள்ளம். கொடி இத்தாலியுடையது, பேச்சு சிசிலியினுடையது, பாறை மட்டும் ஆப்பிரிக்காவினுடையது! இருபது சதுர கிலோமீட்டர் சொச்சம்தான் பரப்பு. ஆறாயிரம் பேர் வாழ்கிறார்கள். மிக உயரமான இடம் 133 மீட்டர். ஆறு கிடையாது, மலை கிடையாது, காடு கிடையாது.

காடு ஒரு காலத்தில் இருந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

இந்தத் தீவின் தெற்கு ஓரத்தில், பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது ஒரு சின்னக் கடற்கரை. பெயர் முயல் கடற்கரை. இத்தாலியர்கள் 'ஸ்பியாஜா தெய் கொனீல்யி' என்பார்கள். பக்கத்தில் கார் போகாது. மேலே சாலையோரம் இறங்கி, சுண்ணாம்புப் பாறையில் காலால் தேய்ந்த தடத்தைப் பிடித்து நடக்க வேண்டும். நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. இருபுறமும் முள்ளும் குட்டைப் புதரும், வெயிலில் காய்ந்த மூலிகை வாசமும்தான். ஒரு திருப்பத்தில் திடீரென்று கீழே குடா திறந்துகொள்ளும். நடுவில் வெள்ளை மணல், எதிரே கல்லெறி தூரத்தில் ஒரு குட்டித் தீவு. கரையோரத்துத் தண்ணீருக்கு நிறமே இல்லை. சற்றுத் தள்ளி வெளிர்ப் பச்சை, அதற்கும் அப்பால் மயில் கழுத்து நீலம். அங்கே நின்றுவிடாதவர்கள் இல்லை. கைபேசியை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் சும்மா பாருங்கள்.

அந்தத் தண்ணீரில் படகுகள் பறக்கும், தெரியுமா? முயல் கடற்கரையை அடுத்து தபக்காரா என்று ஒரு குடா இருக்கிறது. கடல் வழியாகத்தான் போக முடியும். உச்சி வெயிலில் அங்கே நங்கூரமிட்ட படகைப் பாறை மேலிருந்து பார்த்தால், தண்ணீர் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. படகின் நிழல் மட்டும் சில மீட்டருக்குக் கீழே மணலில் கறுப்பாக விழுந்திருக்கும். நடுவில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை என்று நம் கண் சத்தியம் செய்யும்! 'பறக்கும் படகுகள்' என்றே அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் படத்தை நீங்களும் எங்கோ பார்த்திருப்பீர்கள்.

எப்படி இவ்வளவு தெளிவு? காரணம் கேட்டால் வியப்பு இன்னும் கூடும். கடல் பச்சையாகவும் கலங்கலாகவும் தெரிவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: ஆறு கொண்டுவரும் வண்டல், தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்த் தாவரங்கள். லாம்பெதூசாவில் ஆறே இல்லை, மழையும் சொற்பம். மத்தியதரைக் கடலோ சத்துக் குறைந்த கடல். அந்த நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு அதில் போதிய உணவு இல்லை. அதாவது நாம் சொக்கிப்போய்ப் பார்க்கும் அந்த நீலம், கடலின் பசியின் நிறம்! உப்பும் அதிகம். பெருங்கடல்களில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு என்றால் மத்தியதரைக் கடலில் சுமார் 38 கிராம். வெயில் உறிஞ்சும் தண்ணீரை ஆறுகளாலும் மழையாலும் ஈடுகட்ட முடியாததால், ஜிப்ரால்டர் வாய் வழியாக அட்லாண்டிக் ஓயாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறது. அந்த வாய் அடைபட்டால்? சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அடைபட்டது. மத்தியதரைக் கடலின் பெரும்பகுதி வற்றி உப்புப் பாளமாகிக் கிடந்தது. மறுபடி அட்லாண்டிக் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து 53 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. உப்பளம் ஒருகாலத்தில் கிடந்த கடலில்தான் நீங்கள் முங்கி எழுகிறீர்கள்!

அலையடிக்கும் இடத்தைத் தாண்டினால் அடியில் கரும்பச்சைத் திட்டுகள் தெரியும். பாசி என்று நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். அது பொசிடோனியா என்னும் கடற்புல். வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் உள்ள நிஜமான தாவரம். இங்குள்ள இனம் மத்தியதரைக் கடலைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. மணலை வேரால் பிடித்துவைத்து, அலையின் வேகத்தை அடக்கி, மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில் கட்டிக்கொடுப்பது இதுதான். குளிர்காலத்தில் அதன் காய்ந்த இலைகள் கரையில் மெத்தை மெத்தையாக ஒதுங்கும். பார்ப்பதற்குக் குப்பைபோல் இருக்கும். வாரி எறிந்தால் மணல் கரைந்து போகும். விட்டுவைத்தால் கரை நிற்கும்.

சரி, முயல் எங்கே?

எதிரே இருக்கும் குட்டித் தீவின் பெயர்தான் முயல் தீவு. அதை வைத்துத்தான் கடற்கரைக்கும் அந்தப் பெயர். அந்தத் திட்டு 4.4 ஹெக்டேர், உயரம் 26 மீட்டர், அவ்வளவுதான். அதையும் பெரிய தீவையும் சில சமயம் ஒரு மணல் நாக்கு இணைக்கும், சில சமயம் கடல் அதை விழுங்கிவிடும். விழுங்கினாலும் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே போய்விடலாம் என்று தோன்றும். இந்த இணைப்பை வைத்து ஒரு கதை சொல்கிறார்கள். அரபியில் 'ராபித்' என்றால் இணைப்பது, கட்டுவது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே கடலை அளந்து வரைபடம் போட்ட ஆங்கிலேயர்களின் காதில் அது 'ராபிட்' என்று விழுந்ததாம். முயல் என்று எழுதிவிட்டார்களாம். அதை இத்தாலியர்கள் நம்பித் தங்கள் மொழியில் பெயர்த்துக்கொண்டார்களாம். 'இணைப்புத் தீவு' இப்படித்தான் 'முயல் தீவு' ஆயிற்று என்பது கதை.

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் 1254ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சாட்சி குறுக்கே வந்து நிற்கிறார், தெரியுமா? பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி சிலுவைப் போரிலிருந்து ஊர் திரும்பியபோது அவருடைய கப்பலில் கூடவே வந்த ஜ்வான்வீல் பிரபு, பிற்பாடு முதுமையில் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். வழியில் லாம்பெதூசாவில் இறங்கினோம், ஏராளமாக முயல் பிடித்தோம் என்று அதில் இருக்கிறது! ஆங்கிலேயர் வரைபடத்துக்கு ஐந்தரை நூற்றாண்டு முன்னால் இங்கே முயல்கள் துள்ளியிருக்கின்றன. ஆகையால் எனக்கு இரண்டு கதையுமே வேண்டும், ஒன்றையும் விட மனமில்லை. முயலும் இருந்தது, இணைப்பும் இருந்தது.

ஜ்வான்வீல் அதோடு நிறுத்தவில்லை. பாறைகளுக்கிடையே கைவிடப்பட்ட ஓர் ஆசிரமத்தைக் கண்டார்கள். முன்பு வாழ்ந்த துறவிகள் நட்ட ஆலிவ், அத்தி, திராட்சைத் தோட்டம். அதன் நடுவே ஓடும் நீர். உள்ளே வெள்ளையடித்த பூசையறை. அதற்கும் உள்ளே, கைகளை நெஞ்சின்மேல் குவித்து, கிழக்கு நோக்கிக் கிடத்தப்பட்ட எலும்புக்கூடுகள். எல்லோரும் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பி எண்ணியபோது ஒரு மாலுமியைக் காணோம். துறவியாக அங்கேயே தங்கிவிட்டான்போலும் என்று கப்பல் தலைவர் நினைத்தார். தேடிப் பிடித்து இழுத்துவரவில்லை. அவன் பட்டினி கிடக்கக் கூடாதென்று, காய்ந்த ரொட்டி மூட்டைகளைக் கரையில் வைத்துவிட்டுப் பாய் விரித்துப் போய்விட்டார்கள்.

யாரோ ஒருவருக்காகக் கரையில் உணவை வைத்துவிட்டுப் போவது. இந்தத் தீவில் அது பிறகு வழக்கமாகவே ஆனது, தெரியுமா? தீவில் ஒரு குகைக் கோயில் இருக்கிறது. இன்று துறைமுக மாதா கோயில். அன்று கிறிஸ்தவக் கப்பல்காரர்களும் முஸ்லிம் கப்பல்காரர்களும் ஒரே குகையில் வந்து கும்பிட்டார்கள். ஒரு மூலையில் மாதா, இன்னொரு மூலையில் ஒரு முஸ்லிம் பெரியவரின் அடக்கத்தலம். வெளியே கடலில் இரு தரப்பும் ஒருவரையொருவர் சிறைபிடித்து அடிமைகளாக விற்றுக்கொண்டிருந்த நூற்றாண்டுகளில் நடந்தது இது! ரொட்டி, எண்ணெய், துணி, கயிறு, காசு என்று வந்தவர்கள் வைத்துவிட்டுப் போவார்கள். கப்பல் உடைந்து கரையேறியவனுக்கு, எஜமானனிடமிருந்து தப்பி வந்த அடிமைக்கு, யாராயிருந்தாலும் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். தேவையில்லாமல் எடுத்தவனின் கப்பலைக் காற்று தீவைவிட்டு நகர விடாது என்பது இரு தரப்புக்கும் பொதுவான நம்பிக்கை. குகையில் இருந்த ஒரு சாமியார், வரும் கப்பலின் கொடியைப் பார்த்து அதற்கேற்ற விளக்கை ஏற்றுவார் என்றும் ஒரு கதை உலவியது.

இவ்வளவு பழமையான தீவுக்கு நிலையான ஊர் வாய்த்தது மட்டும் 1843இல்தான். அதுவரை அது ஒரு சிசிலிப் பிரபுக் குடும்பத்தின் சொத்து. தொமாசி குடும்பம். 'லாம்பெதூசாவின் இளவரசர்' என்ற பட்டம் 1667இல் அவர்களுக்குக் கிடைத்தது. தீவை நேப்பிள்ஸ் அரசுக்கு விற்றுவிட்டார்கள், பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டத்தைச் சுமந்த கடைசித் தலைமுறையில் ஒருவர் ஒரே ஒரு நாவல் எழுதினார். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1957இல் இறந்தார். மறு ஆண்டு புத்தகம் வெளிவந்து இத்தாலியே கொண்டாடியது. அவர்தான் ஜுசெப்பே தொமாசி தி லாம்பெதூசா. நாவல் 'இல் கத்தோபார்தோ', அதாவது 'சிறுத்தை'. உலகில் பலருக்கு இந்தத் தீவின் பெயர் போய்ச் சேர்ந்தது ஒரு புத்தக அட்டையில்!

1843இல் குடியேறியவர்கள் உழைத்தார்கள், பாவம், வேறு வழியில்லை. மரத்தை வெட்டிக் கரி போட்டார்கள், நிலம் திருத்தினார்கள். சில தலைமுறைகளில் காடு தீர்ந்தது. வேர் போனதும் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு போயிற்று. ஜ்வான்வீல் பார்த்த தோட்டமும் ஓடையும் இருந்த தீவா இது என்று, இன்று அந்த மொட்டைப் பாறையில் நடக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

போர்க்காலத்தில் ஒரே ஒரு விமானி இந்தத் தீவையே பிடித்தார், தெரியுமா? 1943 ஜூன் 12. நேச நாடுகளின் குண்டுவீச்சில் தீவு நொந்துபோயிருந்த நேரம். மால்டாவிலிருந்து கிளம்பிய சிட்னி கோஹன் என்ற பிரிட்டிஷ் சார்ஜென்ட், திசை காட்டி கோளாறாகி, எரிபொருளும் தீரும் நிலையில், வேறு போக்கிடமின்றி இங்கே இறங்கினார். கூட இருவர். சிறைதான் என்று நினைத்து வெளியே வந்தால் எதிரே வெள்ளைக் கொடி! தீவின் படை அவரிடம் சரணடைய வந்து நின்றது. லண்டனில் துணி வெட்டும் தொழிலாளியாக இருந்தவர் அவர். லண்டன் யூதர்கள் யித்திஷ் மொழியில் 'லாம்பெதூசாவின் ராஜா' என்று ஒரு நாடகமே போட்டு மாதக்கணக்கில் ஓட்டினார்கள். ஆனால் ராஜா ஊர் போய்ச் சேரவில்லை. போர் முடிந்து 1946இல் தாயகம் திரும்பும் வழியில் அவர் வந்த விமானம் கடலில் காணாமல் போயிற்று.

1986 ஏப்ரலில் லிபியா இந்தத் தீவில் இருந்த அமெரிக்க நிலையத்தைக் குறிவைத்து இரண்டு ஏவுகணைகளை வீசியது. இரண்டும் கடலில் விழுந்தன. அதற்குப் பிறகுதான் லாம்பெதூசா என்று ஒரு தீவு இருப்பதே இத்தாலியில் பலருக்குத் தெரிந்தது, சுற்றுலாவும் அதன் பின்னர்தான் சூடுபிடித்தது என்பார்கள்.

முயல் கடற்கரைக்கு மேலே தனியாக ஒரு வீடு தெரியும். அது யாருடையது, தெரியுமா? 'வொலாரே' என்று உலகமே பாடிய பாட்டைத் தந்த தொமேனிக்கோ மொதூஞ்ஞோவின் வீடு. அந்தப் பாட்டு வந்ததும் 'சிறுத்தை' வந்த அதே 1958இல்தான்! மறு ஆண்டு நடந்த முதலாவது கிராமி விருது விழாவில், ஆண்டின் சிறந்த இசைத்தட்டு, ஆண்டின் சிறந்த பாடல் இரண்டும் அதற்கே. நீலத்தில் நீலமாகக் கரைந்து பறப்பதைப் பாடியவர், இந்த நீலத்துக்கு எதிரே இருந்த வீட்டில் 1994 ஆகஸ்டில் கண்ணை மூடினார்.

எதிர்த் திட்டுக்குத் திரும்புவோம். யாரையும் ஏற விடுவதில்லை. அங்கே ஒரு பல்லி வாழ்கிறது. வட ஆப்பிரிக்காவில் சாதாரணமாகத் திரிவது, இத்தாலி முழுவதிலும் இந்த ஒரே திட்டில் மட்டும் இருப்பது! பெரிய கடற்காகங்களும் அங்கே கூட்டம் கூட்டமாகக் குஞ்சு பொரிக்கின்றன. பக்கத்துத் தீவான லினோசா எரிமலையில் பிறந்தது. அங்கே ஆயிரக்கணக்கில் கூடு வைக்கும் ஒருவகைக் கடல்பறவை நிலவில்லாத இரவுகளில் கத்தினால், கைக்குழந்தை வீறிட்டு அழுவதுபோலவே இருக்கும். பழக்கமில்லாதவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். பறவைக் குரலையும் மனிதக் குரலையும் பிரித்தறிய முடியாத கடல் இது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடற்கரையின் நிஜமான சொந்தக்காரர்கள் யார், தெரியுமா? இரவில் வருகிறார்கள். பெருந்தலை ஆமைகள்! நண்டையும் சங்கையும் உடைக்கும் தாடைக்காகவே பெருத்த தலை. கோடை இரவில், கரை இருட்டாகவும் அமைதியாகவும் இருந்தால் மட்டும், ஒரு தாய் ஆமை அலையிலிருந்து வெளியே வருகிறாள். கடலில் பறவைபோல் மிதந்தவள் மணலில் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி உடலை இழுக்கிறாள். இடம் பிடித்ததும் பின்துடுப்புகளால் குழி தோண்டுகிறாள். ஒரு துடுப்பு மணலைக் கிண்ணம்போல் அள்ளி மெதுவாக வெளியே வைக்கும், அடுத்தது இறங்கும். கண்ணால் பார்க்காமலே, கைதேர்ந்த குயவர்போல, முழங்கால் ஆழத்துக்குக் குடம் மாதிரி ஒரு குழி. அதில் டேபிள் டென்னிஸ் பந்து அளவில் நூறு முட்டை வாக்கில் இட்டு, மூடி, மேலே மணலைச் சிதறடித்துத் தடயத்தை அழித்துவிட்டுப் போகிறாள். குஞ்சுகளை அவள் பார்க்கப் போவதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது, தெரியுமா? ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது! 29 பாகை செல்சியஸை ஒட்டி இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேல் சூடேறினால் பெண்கள், குறைந்தால் ஆண்கள். சென்னைக் கரைக்கு வரும் பங்குனி ஆமைகளுக்கும் இதே கணக்குதான். அங்கே மாணவர்கள் 1988 முதல் இரவிரவாக நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். லாம்பெதூசாவில் கூடு இருக்கும் இடத்திலேயே வேலி கட்டிக் காவல் காக்கிறார்கள். ஐம்பது அறுபது நாள் கழித்து ஓர் இரவு மணல் லேசாகக் கொதிப்பதுபோல் அசையும். நான்கு சென்டிமீட்டர் உடம்பு, இருபது கிராம் எடை. மூக்கில் ஒட்டிய மணலோடு ஒன்று, அதன் முதுகில் இன்னொன்று, பிறகு ஒரே ஓட்டம். வெளிச்சமான அடிவானம்தான் கடல் என்பது அவற்றின் ரத்தத்தில் இருக்கும் அறிவு. யாரோ ஒருவர் கரையில் டார்ச் அடித்தால் போதும், திசை மாறிச் செத்துப்போகக்கூடும். பிறந்த கரையின் காந்தப்புலத்தை மனதில் பதித்துக்கொண்டு போகும் பெண் குஞ்சு, இருபது இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தாயாகி அந்தப் பக்கத்துக் கரையையே தேடி வருகிறது.

அதனால்தான் இங்கே இவ்வளவு கட்டுப்பாடு. 1995 முதல் இது இயற்கைக் காப்பிடம். லெகாம்பியந்தே என்ற சூழல் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. கடைகள் இல்லை, வாடகை நாற்காலி வரிசைகள் இல்லை. கோடையில் முன்பதிவு செய்தால்தான் இறங்கலாம். காலைக்கு இத்தனை பேர், மாலைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. குடையை நினைத்த இடத்தில் நட முடியாது. கீழே ஒரு கூடு இருந்தால் குடைக் கம்பி நேராக முட்டைக்குள் இறங்கும்! முட்டையிடும் மாதங்களில் மாலையானதும் எல்லோரையும் மேலே அனுப்பிவிடுவார்கள். குடாவுக்குள் இயந்திரப் படகும் வரக்கூடாது. தண்ணீர் பாட்டிலை நீங்களே கொண்டுபோய் நீங்களே திருப்பிக் கொண்டுவர வேண்டும். இப்படி ஒரு கடற்கரையை யார் தேடிப் போவார்கள் என்கிறீர்களா? 2013இல் ட்ரிப்அட்வைசர் பயணிகள் உலகின் மிகச் சிறந்த கடற்கரையாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான்!

அதே 2013. அதே தண்ணீர்.

அக்டோபர் 3 விடியற்காலை. லிபியாவின் மிஸ்ராத்தாவிலிருந்து 500 பேருக்கு மேல் ஏற்றிவந்த பழைய மீன்பிடிப் படகு ஒன்று முயல் தீவுக்கு அருகே, கரையின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்றுபோனது. பெரும்பாலோர் எரித்ரியர்கள். உதவி கேட்டுச் சைகை காட்ட ஒரு போர்வையைக் கொளுத்தினார்கள். தீ பரவியது. எல்லோரும் ஒரு பக்கமாக ஒதுங்க, படகு கவிழ்ந்தது. 368 பேர் இறந்தார்கள். 155 பேர் பிழைத்தார்கள்.

அந்த இரவு, பறக்கும் படகுகளின் அந்தத் தபக்காரா குடாவில்தான், எட்டு நண்பர்கள் ஒரு சின்னப் படகில் கோடையின் கடைசி மீன்பிடிப்புக்காகத் தங்கித் தூங்கியிருந்தார்கள். விடியும் நேரம் ஒருவருக்கு ஏதோ சத்தம் கேட்டது. கடற்காகங்கள் என்றார் மற்றவர். சத்தம் நிற்கவில்லை. நங்கூரத்தை எடுத்துக் குடாவைத் தாண்டினார்கள். தண்ணீர் முழுக்க மனிதர்கள், கைகளைத் தூக்கிக்கொண்டு. பத்துப் பேருக்கு மேல் ஏற்றக் கூடாத படகு அது. உடம்பெல்லாம் டீசல் படிந்திருந்ததால் பிடித்த கை வழுக்கி வழுக்கிப் போனது. மறுபடி பிடித்தார்கள். 47 பேரைத் தூக்கினார்கள். நாற்பத்தேழு!

ஊர்க்காரர்கள் வீடுகளைத் திறந்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 11 அன்று, இன்னொரு படகு மூழ்கியது. அதன் மரத்திலிருந்து தீவின் தச்சர் பிரான்செஸ்கோ தூச்சோ சின்னச் சின்னச் சிலுவைகள் செய்து பிழைத்தவர்களுக்குக் கொடுத்தார். அவர் செய்த சிலுவை ஒன்று இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நீலமும் பச்சையும் சாயம் உரிந்த இரண்டு மரத்துண்டுகள், அவ்வளவுதான். அக்டோபர் 3ஐ இத்தாலி 2016இல் சட்டம் போட்டு நினைவு நாளாக்கியது.

போவதென்றால் எப்போது போகலாம் என்று கேட்பீர்கள். சிசிலியின் போர்த்தோ எம்பெதோக்ளே துறைமுகத்தில் இரவுக் கப்பல் ஏறினால் காலையில் தீவு. பலெர்மோவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். எல்லோரும் ஜூலை, ஆகஸ்டு என்பார்கள். நான் அக்டோபர் முதல் வாரம் என்பேன். கூட்டம் குறைந்திருக்கும். கோடை முழுக்க வாங்கிய வெயிலைக் கடல் இன்னும் விட்டுவைத்திருக்கும், தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆமைக்குஞ்சுகள் பெரும்பாலும் போயிருக்கும். 3ஆம் தேதியை ஒட்டி, பிழைத்தவர்களில் பலர் ஸ்வீடனிலிருந்தும் நார்வேயிலிருந்தும் தீவுக்குத் திரும்பி வருவார்கள். தங்களைத் தூக்கியவர்களின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து படகுகளில் ஏறி, முயல் தீவைச் சுற்றிக்கொண்டு, அந்த இடத்துக்குப் போய் இயந்திரத்தை நிறுத்தித் தண்ணீரில் பூ விடுவார்கள். கரையோர ஆழமற்ற நீரைக் கடக்கையில் பாறை மேலிருந்து பார்த்தால் அந்தப் படகுகளின் நிழலும் அடியில் மணலில் தெரியும்.